நைனா மேல் நான் ஏற்றிய வயது

என் நைனாவுக்கு ஒரே நாளில் வயதாயிற்று. அந்த நாள் எனக்குத் தெரியும். பொழுதும் தெரியும். கோயில் முன்னால் இருக்கிற சிமெண்டுத் தரை காலுக்குச் சுட ஆரம்பிக்கிற நேரம். அந்தத் தரையில்தான் அவர் விழுந்தார். கால் தடுக்கி விழவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டி, நெற்றி தரையில் பட, ஊர் முன்னால் விழுந்தார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. தப்பு செய்தவன் நான்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து, பொன்னேரிக்குப் போய், அங்கே ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் பிழை திருத்தி, அச்சகம் மூடினதும் திரும்ப ஏரிக்கே வந்தவன் நான். எங்கேயும் காலூன்றி நிற்கத் தெரியாதவன். கரையில் இருக்கும்போது தண்ணீரையும் தண்ணீரில் இருக்கும்போது காகிதத்தையும் நினைத்துக்கொண்டிருப்பவன். நாற்பத்திரண்டு வயதில் படகில் ஏறினபோது ஊரில் எனக்கு வைத்த பேர் "பேப்பரு". "இன்னா பேப்பரு, மீனெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்குதா?" என்பார்கள். நைனா மட்டும் சிரிக்க மாட்டார். தள்ளுக் கம்பை என் கையில் கொடுத்து, "குத்து. தூக்கு. குத்து. அவ்ளோதான் வேலை" என்பார். ஏழு வருடம் குத்தித் தூக்கினேன். ஒருநாள் அவராகவே படகின் பின்பக்கம் போய்க் கம்பை எடுத்துக்கொண்டு, "நீ முன்னால நில்லு" என்றார்.

முன்னால் நிற்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்து, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பேர் பாடு. ஒவ்வொரு இடத்துக்கும் எல்லையில் கழி நட்டு, கழித்தலையில் இடத்துக்கு ஒரு நிறமாகத் துணி கட்டியிருக்கும். இன்னொருவன் பாட்டில் வலை கட்டுவது அவன் வீட்டு அடுப்பில் கொதிக்கிற குழம்பை இறக்கிக்கொண்டு போவது மாதிரி. அதனால் முன்னால் நிற்பவன்தான் துணியைப் பார்த்து இடத்தைச் சொல்ல வேண்டும். அவன் சொன்னால் சொன்னதுதான். பின்னால் இருப்பவன் கம்பைக் குத்திப் படகை நிறுத்திவிடுவான்.

நைனா அந்த இடத்தை எனக்குக் கொடுத்தபோது என் கண்ணில் ஏற்கெனவே பால் கலந்திருந்தது.

எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் விளக்குகளைச் சுற்றி வட்டம் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்து விளக்கெல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி பூத்துத் தெரிந்தன. அதை அழகு என்று நினைத்து நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். பிறகு வெயில் சாய்கிற நேரத்தில் ஏரி முழுக்க வெள்ளைத் தகடாகிவிடும். அதில் ஆளும் படகும் பறவையும் ஒரே கறுப்பு. கண்ணில் புரை. எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவுக்கு வந்தது, பெரியப்பாவுக்கு வந்தது. ஆனால் அதெல்லாம் கிழவர்களுக்கு வருவது. எனக்கு நாற்பத்தொன்பது. மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரன் "பெரியவரே, உள்ள தள்ளிக் குந்து" என்றபோது, அவன் வேறு யாரையோ சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தவன் நான். பின்னால் யாரும் இல்லை.

வயதாவதில் எனக்கு ஒருபோதும் பயம் இருந்ததில்லை என்று எழுதலாம். பொய். சாவுக்குப் பயந்ததைவிட அதிகமாக, படகிலிருந்து இறக்கிவிடப்படுவதற்குப் பயந்தேன். கரையில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை "எவ்ளோ இறால் பட்டுது?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் நின்று பதில் சொல்வதில்லை. நடந்துகொண்டே சொல்வார்கள். அதுதான் வித்தியாசம். நின்று பதில் சொன்னால் நீ இன்னும் ஆள்.

அவர் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பாடு. எங்கள் எல்லைக் கழியில் சிவப்புத் துணி, அடுத்ததில் கறுப்பு. வெயில் எதிரே. நான் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். கழி தெரிந்தது. அதன் தலையில் ஏதோ ஆடியது.

"இதான் நைனா. நிறுத்து."

பின்னாலிருந்து அவர் சொன்னார்: "கறுப்பு மாதிரி கீதேடா."

"செவப்பு."

"நல்லாப் பாத்தியா?"

"உனுக்குக் கண்ணு பூடுச்சா? செவப்புன்றேன் இல்ல?"

கம்பு தண்ணீருக்குள் குத்தப்படும் சத்தம் கேட்டது. முன்னால் நிற்பவன் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். சுற்றிக் கழி நட்டு வலை கட்டினோம். வழக்கமாக வலை கட்டும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பவர், அன்று வாயைத் திறக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, காற்று மாறுகிறது என்று ஏதோ பேச்சை மாற்றினேன்.

மறுநாள் காலையில் வலையைத் தூக்கிக் கரைக்கு வந்தபோது, அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்பவர்கள் நாங்கள். அவன் என்னிடம் பேசவில்லை. நேராக ஊர்த் தலைவரிடம் போனான். ஒரு மணி நேரத்தில் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது.

"மாமா, வலை எங்க பாட்டுல கட்டிக்கீது. ஆளு பேரு நான் சொல்லல. ஊரே சொல்லட்டும்" என்றான் அவன்.

தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. மெதுவாகப் பேசுகிறவர். "யாருப்பா முன்னால நின்னது?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் நைனாவைத்தான் பார்த்தார். ஐம்பது வருடமாக எங்கள் படகில் முன்னால் நிற்பவர் நைனா. போன மாதம்தான் இடம் மாறினோம் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா என்னைப் பார்த்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "நைனாவுக்கு இப்ப கொஞ்ச நாளா கண்ணு..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. பதினெட்டு வருடம் அடுத்தவர் வாக்கியங்களை முடித்துக் கொடுத்தவன், என் வாக்கியத்தை முடிக்கும் தைரியம்கூட இல்லாமல் நின்றேன். ஊர் அதை முடித்தது. "ஆமாம்பா, வயசாயிடுச்சி இல்ல?" என்றது ஒரு குரல். "போன வாரம் என்னப் பாத்து வேற யாரோன்னு நெனச்சிக்கினாரு" என்றது இன்னொன்று. அந்த ஆள் அன்றைக்கு முகத்தை மறைத்துத் தலைப்பாகை கட்டியிருந்தான், எனக்கே தெரியும். ஆனால் ஒரு மனிதனைக் கிழவன் என்று முடிவு கட்டிவிட்டால், அதற்குப் பிறகு சாட்சிக்குப் பஞ்சமில்லை. அவர் இருமினது, தயங்கினது, ஒருநாள் குழம்பில் உப்புக் குறைவு என்றது, எல்லாம் வந்து வரிசையில் நின்றன.

நைனா என் முகத்திலிருந்து பார்வையை எடுத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அதை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சைப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று! நான் பேச அவ்வளவு நேரம் இருந்தது. நான் பேசவில்லை.

விழுந்தார். பாட்டில் தப்பு செய்தவன் ஊர் முன்னால் விழ வேண்டும், அது எங்கள் வழக்கம். தலைவர் பதறிப்போய், "அண்ணே, நீ விழ வேணாம் அண்ணே" என்றார். அதற்குள் அவர் நெற்றி தரையில் பட்டுவிட்டது.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அவரைத் தூக்கி நிறுத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன். கூட்டத்தில் ஒரு பெண், "நல்ல புள்ள. அப்பன எப்டித் தாங்குது பாரு" என்றாள். அது என் காதில் விழுந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, அது எனக்குப் பிடித்திருந்தது.

தலைவர் முடிவு சொன்னார்: அடுத்த பாடு எங்களுக்குக் கிடையாது. அதன் பிறகு, "பெரியவர் இனிமே பாட்டுக்கு வர வேணாம். மவன் பாத்துப்பான். தண்ணில ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" அவ்வளவுதான். ஐம்பது வருடம் அந்த ஒரு மூச்சில் முடிந்தது.

வீட்டுக்கு வந்து அவர் கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். என் மனைவி தட்டை வைத்துவிட்டு, "இன்னா மாமா, கண்ணு நெஜமாவே தெரியலயா?" என்று கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். "நெத்திலில முள்ளு தெரியுது. உன் மூக்குத்திக் கல்லு தெரியுது. போதாதா?" என்றார். அவள் சிரித்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு மனைவியின் தம்பி எங்கள் படகில் முன்னால் நின்றான். நான் பின்னால் போய்க் கம்பு பிடித்தேன். பின்னால் இருப்பவனுக்குக் கண் வேண்டாம், தோள் போதும். யாருக்கும் தெரியாமல் என் புரையைப் பொத்தி வைத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. நைனாவின் தலைக்குமேல் ஏறி நின்று நான் மூன்று வருடம் இளைஞனாக இருந்தேன்.

அவர் கரையில் உட்கார்ந்தார். ஊர் அவரைக் "குருட்டுப் பெரியவரே" என்று கூப்பிட ஆரம்பித்தது. மோசமாக இல்லை, அன்பாகத்தான். தெருவைத் தாண்டும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் வருடம் உதறினார். இரண்டாம் வருடம் உதறவில்லை. மூன்றாம் வருடம் கை நீட்டிக் காத்து நின்றார்.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். ஒரு சிற்றிதழுக்கு நைனாவைப் பற்றி எழுதினேன். கண் மங்கிய மீனவன், கரையில் உட்கார்ந்து தண்ணீரின் சத்தத்தில் மீனைப் பார்க்கிறான், இப்படி. நிறையப் பேர் பாராட்டினார்கள். ஒருவர் படித்துவிட்டு அழுததாகப் போன் செய்தார். என் கண்ணில் இருந்த புரையை எடுத்து அவர் கண்ணில் வைத்து, அதற்குப் பூமாலையும் போட்டிருந்தேன். இதழை அவரிடம் காட்டவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாரே என்ற பயம்தான் உண்மை.

போன வருடம் அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. பட்டப்பகலில், வீட்டு வாசலில் துணி காயக் கட்டியிருந்த கயிறு தெரியாமல் நடந்து கழுத்து மாட்டிக்கொண்டது. மனைவி வந்து எடுத்துவிட்டு என் கண்ணருகே இரண்டு விரலைக் காட்டினாள். "எத்தினி?"

"மூணு."

"யோவ்," என்றாள். அவள் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. எந்த நாளிலிருந்து, எந்தச் சாயங்காலத்திலிருந்து என்று அவள் பின்னோக்கிப் போவது எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே சென்னைக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கிழவர்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவர்களும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு வந்த அன்று நைனா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக அவரை மூட்டமாகப் பார்த்துப் பழகியிருந்தேன். மூட்டத்தில் எல்லாரும் பழைய மாதிரியே இருப்பார்கள். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆடுசதை வற்றி, முழங்கால் மட்டும் முடிச்சாகத் துருத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட அந்தப் பாதங்கள். ஏரியில் நின்றவன் பாதம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சேறும் சிப்பியும் வெட்டி வெட்டி, வெடித்த நிலம் மாதிரி இருக்கும். அவர் பாதம் வழவழவென்று இருந்தது. வெடிப்பெல்லாம் மூடி, தோல் வெளுத்து, குழந்தைப் பாதம். மூன்று வருடக் கரை அந்தப் பாதத்தில் இருந்தது.

அவர் என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "சினிமாக்காரன் மாதிரி கீறே." பிறகு தாடையால் ஏரியைக் காட்டினார். "தோ, அந்தக் கழில இன்னா துணி கட்டிக்கீது?"

வெகுதூரத்தில் ஒரு கழி. அதன் தலையில் சின்னதாக ஒன்று ஆடியது.

"கறுப்பு" என்றேன்.

"ம்" என்றார். "இப்ப தெரியுது."

கால்களை மடக்கிக்கொண்டார்.

அந்த "இப்ப"வோடு சில மாதங்கள் நடந்தேன். சீட்டுப் போடுகிற நாள் வந்தது, ஊர் கூடியது. நைனாவையும் வரச்சொன்னேன். "குருடனுக்கு அங்க இன்னா வேலை?" என்றார். ஆனால் வந்து ஓரமாக வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். தலைவர் பேச்சைத் தொடங்கும் முன்னால் நான் எழுந்து நின்று, அன்றைக்கு முன்னால் நின்றது நான்தான், நைனா கறுப்பு என்று சொன்னார், நான்தான் சிவப்பு என்று சொல்லி நிறுத்தினேன், புரை இருந்தது எனக்கு, அவருக்கு இல்லை என்று சொன்னேன். இந்தத் தடவை வாக்கியத்தை முடித்தேன்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தலைவர் தலையைச் சொறிந்தார். "இப்ப இன்னாத்துக்குப்பா இதக் கிளப்புறே? அவருக்கும் எழுவத்தியேழு ஆவுது. அப்ப இல்லன்னாலும் இப்ப வயசாயிடுச்சி இல்ல?"

அன்றைக்கு நான் வலை கட்டின பாட்டுக்குச் சொந்தக்காரனான மச்சான்தான் எழுந்தான். அவன் முகம் கறுத்திருந்தது. "நாலு வருசமா குருட்டுப் பெரியவரேன்னு கையப் புடிச்சி இட்டுக்கினு போனேன்டா. அந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லல. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தே. பேப்பரு! நீயெல்லாம் இன்னாடா எழுதிக் கிழிக்கிறே?"

துண்டை இடுப்பில் கட்டினேன். விழுந்தேன். தரை சுட்டது. நெற்றி பட்டது. எழப் போனால் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதியில் நின்றேன், கை தரையில், கால் மடங்கி. யாரோ "பாத்து பெரியவரே, பாத்து" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். யாரும் கேலிக்குச் சிரிக்கவில்லை. நான் வேப்ப மரத்துப் பக்கம் பார்த்தேன். நைனா எழுந்து வரவில்லை. என்னைத் தூக்க ஓடி வரவில்லை. வந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. வரவில்லை என்பதையும் தாங்க முடியவில்லை. மச்சான்தான் கையைக் கொடுத்து இழுத்தான், கொஞ்சம் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக.

"பெரியவர் இஷ்டப்பட்டாப் பாட்டுக்கு வரட்டும். ஊருக்குத் தடையில்ல" என்றார் தலைவர். தண்டனையாக எங்களுக்கு அடுத்த ஒரு பாடு மட்டும் கிடையாது என்றார். அதன் பிறகு சீட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அது கழிந்து எங்களுக்கு வந்த பாட்டில், மூன்று மணி வெயிலில், நைனாவைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவியின் தம்பியைப் பின்னால் கம்போடு நிற்கச் சொன்னேன். முன்னால் இடம் காலியாக இருந்தது. நைனா வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழம்தான். வழவழத்த பாதத்தில் சிப்பி குத்தியிருக்கும், முகத்தைச் சுளித்தார். படகின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து எம்பினார். ஏறவில்லை. மறுபடி எம்பினார். தோள் நடுங்கியது. உடம்பு தண்ணீரைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, திரும்ப இறங்கியது. நான் அவர் இடுப்பைப் பிடிக்கப் போனேன்.

"கைய எடு" என்றார்.

எடுத்தேன். அவர் விளிம்பைப் பிடித்தபடியே நின்று மூச்சு வாங்கினார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார், அதில் தன் முகம் தெரிந்ததோ என்னவோ.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஏறியிருப்பேன்டா" என்றார்.

திட்டுகிற குரலில் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை அவரிடம் கேட்பதும் அவர் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது மாதிரிதான் என்று தோன்றியது. நான் அன்று சொன்ன பொய் நாலு வருடம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, வளர்ந்து, நிஜமாகிவிட்டிருந்தது. இனிமேல் உண்மையைச் சொல்லி அதை வெளியே அனுப்ப முடியாது.

"போ. தண்ணி வடியறதுக்குள்ள கட்டு" என்றார். படகைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தார். அவர் கைக்கு அது மட்டும் மறக்கவில்லை.

நான் முன்னால் ஏறி நின்றேன். கம்பு குத்தியது, தூக்கியது, குத்தியது. எங்கள் எல்லைக் கழியின் சிவப்பு, அரை மைலுக்கு முன்னாலேயே, ரத்தம் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். புரை இருந்த நாளாக இருந்தால் இருபது கம்பு தூரத்தில் அவர் வெயிலில் கரைந்து போயிருப்பார். இப்போது கரையவில்லை. நூறு கம்பு தாண்டியும் தெரிந்தார். மடித்துக் கட்டிய வேட்டியின் கரை தெரிந்தது. கரைக்கு ஏற யாராவது கையைப் பிடிக்க வருவார்களா என்று, ஒரு கையைப் பக்கவாட்டில் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு அவர் நிற்பதுகூடத் தெரிந்தது.